அக்காவின் காரில் வந்த பெட்ரோல் வாடை

எங்கள் அக்கா மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைத் தொழிலாளி ஒருவரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா காலமானபோது அக்கா அப்போதுதான் பி.எஸ்ஸி. முடித்திருந்தார், நான் நான்காம் வகுப்பு. ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். உதவியாளர்தான் என்றாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சர். நான் எட்டாவதோடு லாரியில் கிளீனராக ஓடிவிட்டேன். வடக்கே பல ஊர் சுற்றினேன். திரும்பி வந்தால் அக்கா திட்ட மாட்டார். "எத்தனை நாளைக்கு?" என்று மட்டும் கேட்பார்.

அவருக்குக் குழந்தைகள் இல்லை. மாமா இறந்த பிறகு மாமாவின் பழைய காரை விற்காமல், தாமே ஓட்டக் கற்றுக்கொண்டார். சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் புத்தூரில் டயாலிசிஸ் என்று ஆனபோது நான் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

போகும்போது சமாளித்துவிடுவார். சிகிச்சை முடிந்து களைத்துத் திரும்பும்போது, காவிரிப் பாலம் வருவதற்குள் காரில் அடிக்கும் பெட்ரோல் வாடையில் வாந்தி எடுப்பார். ஆட்டோ வைத்துக்கொள்ளலாம் என்றேன். "அந்தக் குலுக்கல் என் உடம்பு தாங்காதுடா. காருக்கு என்னன்னு பாப்போம்" என்றார்.

புகைக்குழாய் அடுப்புக்கரியாக இருந்தது. பிளக்குகளும் கறுப்பு. இன்ஜினுக்குள் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்பது தெரிந்தது; ஏன் என்பது தெரியவில்லை. தெருமுனையில் ஷெட் வைத்திருக்கும் செல்வம் ஏர் ஃபில்டரை மாற்றினார். இன்ஜெக்டர்களில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார். புகைக்குழாய் சென்சாரையும் மாற்றினார். வாடை போகவில்லை.

"டீச்சர், இன்ஜின் குளுந்திருக்குன்னு நெனச்சு கம்ப்யூட்டர் பெட்ரோல அள்ளி ஊத்துது. தண்ணிச் சூட்டை அளக்குற சென்சார்தான் பொய் சொல்லுது" என்றார் செல்வம்.

"அது பொய் சொல்லுதான்னு நான் பாத்துக்கறேன். கழட்டிக் குடுங்க" என்றார் அக்கா.

சமையலறையில் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, சென்சாரை அதில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரை மாட்டச் சொன்னார். கையில் ஊசி போட்ட இடத்தில் கட்டு. அந்தக் கையாலேயே தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு எழுதினார். சூடு ஏற ஏற மீட்டரில் எண் இறங்கியது, எவ்வளவு இறங்க வேண்டுமோ அவ்வளவு.

"இது உண்மையத்தான்டா சொல்லுது. இன்ஜின் நெசமாவே குளுந்துதான் கெடக்கு."

மறுநாள் காலை செல்வத்தை வரவழைத்து, சென்சாரைத் திரும்ப மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஓஸைத் தொட்டுப் பார்த்தார். இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை அந்த ஓஸ் குளிர்ந்திருக்க வேண்டும். முதல் நிமிடத்திலேயே வெதுவெதுப்பு ஏறியது.

"செல்வம், உள்ள வால்வு இருக்கா?"

பிரித்தார்கள். இடம் காலியாக இருந்தது. சூடு ஏறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறிக்கும் தெர்மோஸ்டாட் வால்வு அது. நம் பக்கத்தில் வண்டி கொதித்தால் முதலில் அதைத்தான் பிடுங்கி எறிவார்கள். இந்த வெயிலுக்கு இது எதற்கு என்பார்கள். பழைய லாரிக்கு அது ஒத்துக்கொண்டது. பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து ஊற்றும் காருக்கு ஒத்துக்கொள்ளாது.

"நீங்கதானே இந்த வண்டியில கை வைக்கிறீங்க? யாரு கழட்டுனது?"

செல்வம் என்னைப் பார்த்தார். நான் கீழே குனிந்து ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நானாத்தான் இருக்கும் டீச்சர். மறந்துட்டேன்போல."

"நீங்க மறந்ததுக்கு நான் ஆறு மாசமா வாந்தி எடுத்திருக்கேன், செல்வம்."

கழற்றியது நான். மூன்று வருடம் முன்பு காரை இரவல் வாங்கிக்கொண்டு மணப்பாறை போனேன். திண்டுக்கல் ரோட்டில் கொதித்து நின்றது. லாரியில் பழகிய கை, வால்வைப் பிடுங்கிப் புதரில் வீசியது. வந்து காரை நிறுத்திவிட்டு அடுத்த வாரம் நாக்பூர் போய்விட்டேன். அக்காவிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் ஷெட்டுக்குப் போய், "ஏண்ணே ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஓஸ்ல கிளாம்புக்குப் பதிலா கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருந்துச்சு. லாரிக்காரன் வேலைன்னு தெரியாதா? டீச்சருக்கு இருக்குறது நீ ஒருத்தன்தான். நான் ஷெட்டுக்காரன், திட்டு வாங்குறது புதுசா என்ன? ஆனா நீயே ஒருநா சொல்லிடு."

புது வால்வு போட்ட பிறகு வாடை நின்றது. முதல் நாள் பாலத்தின் மேல் வரும்போது அக்கா, "ஒண்ணுமே அடிக்கல பாரு" என்றார். ஆற்றைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டார். எழுப்பிச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று ஐந்து வாரம் ஓட்டினேன். அதற்குள் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "செல்வம் நல்ல மனுஷன்தான், வேலையில கவனம் பத்தாது" என்று அக்கா சொல்லிவிட்டார். உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். சிலர் அவரிடம் வண்டி விடுவதையே நிறுத்தினீர்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சிகிச்சையின்போது ரத்த அழுத்தம் இறங்கியது. அக்கா வீடு திரும்பவில்லை. அறுபத்திரண்டு வயது.

அன்று செல்வம் ஷெட்டைப் பூட்டிவிட்டு வந்து பந்தலுக்குக் கால் நட்டார். "டீச்சர் கார்ல கோட்டை விட்டவரா இவரு?" என்று ஒருவர் கேட்டது அவர் காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அக்காவைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகப் பார்த்துக்கொண்ட டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், தினம் கஞ்சி கொடுத்தனுப்பிய எதிர்வீட்டுக்காரர்களுக்கும், தோள் கொடுத்த பள்ளி நண்பர்களுக்கும் என் நன்றி. செல்வத்துக்கு நன்றி என்று மட்டும் எழுதினால் போதாது. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அக்காவின் இந்த நினைவு மலரின் முதல் பிரதியை நானே ஷெட்டுக்கு எடுத்துப்போய், அவர் படித்து முடிக்கும்வரை நிற்கப் போகிறேன். அதன் பிறகுதான் உங்களுக்குத் தருவேன். எல்லோருக்கும் தெரிந்துவிடும். அக்காவுக்குத்தான் தெரியாமல் போயிற்று.