ஊருணித் தண்ணீரில் நவரை

தங்கை வீட்டுக் கூடத்தில் புதிதாக ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே நீந்தும் ஆரஞ்சு மீனின் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்திருந்தன. கல்லுப்பு போட்டால் சரியாகும் என்று கடைக்காரர் சொன்னாராம். அவள் மகன் உள்ளங்கையில் உப்பை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“மாமா, எம்புட்டு போடணும்?”

உப்பைப் பார்த்ததும் மூக்கில் வேம்பார்க் கடற்கரையின் கருவாட்டு வாடை ஏறிவிட்டது.

நாங்கள் குடும்பமாகச் சுற்றுலா போனது அந்த ஒரே முறைதான். தொண்ணூறுகளின் நடுவே ஒரு மே மாதம். அய்யாவிடம் கிடாய் வாங்கும் வியாபாரி ஒருவர், கடலோரத்தில் காலியாகக் கிடந்த தன் குடிசையில் நாலு நாள் இருந்துவிட்டுப் போகச் சொன்னார். ஆடுகளைச் சித்தப்பா தலையில் கட்டிவிட்டு அய்யா, அம்மா, நான், ஒன்பது வயதுத் தங்கை முத்து நால்வரும் பஸ் ஏறினோம். கூடவே இரண்டு குடம் ஊருணித் தண்ணீர்.

“ஏன் அண்ணாச்சி, கடலுக்கே தண்ணி கொண்டு போறியளா?” என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அம்மா மட்டும் குடத்தின் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

கரிசல் பக்கத்து ஆளாக இருந்தால் நீங்கள் சிரித்திருக்க மாட்டீர்கள். ஆழ்குழாயில் வருவது உப்புத்தண்ணீர். குளிக்க, மாட்டுக்கு ஊற்ற. மழைக்கு நிறையும் ஊருணியில்தான் நல்ல தண்ணீர். அது மனிதருக்கு. அப்புறம், குட்டி போட்ட ஆட்டுக்கும் சீக்கு வந்த குட்டிக்கும். தலை தொங்கிய குட்டிக்கு முத்து தன் செம்புத் தண்ணீரையே புகட்டிவிடுவாள். ‘ஏட்டி, ஆரு ஊத்தச் சொன்னா?’ என்று அம்மா கத்தினால், ‘அண்ணன் சொல்லிச்சி’ என்பாள். சொல்லியிருக்கவே மாட்டேன். ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்கு வீட்டில் யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தின் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நானல்லவா!

பக்கத்து வலைக்கார அண்ணாச்சி ஆளுக்கொரு தூண்டிலும் ஒரு கை இறாலும் கொடுத்தார். நான் சாதாரணமாகத் தூண்டில் போடுவேனா? நோட்டு வைத்துக் காற்று, அலை, நேரம் எல்லாம் குறித்தேன். மூன்று நாளும் ஒரு நண்டுகூடச் சீண்டவில்லை.

“என்னலே பள்ளிக்கூடம், மீனுக்கு வருகைப் பதிவா எடுக்குத?” என்று அவர் கேட்டபோது அய்யாவும் சேர்ந்து சிரித்தார்.

நாலாம் நாள் காலை. முத்து, மணலில் கோடு கிழித்து விளையாடிக்கொண்டே காலில் சுற்றியிருந்த தூண்டில் நரம்பை இழுத்தாள். ஒரு சாண் நீளத்தில் சிவப்பாக ஒரு மீன் துள்ளி விழுந்தது. தாடைக்குக் கீழே இரண்டு மீசை.

“நவரைம்மா அது. அடிச்சது பாரு யோகம்!” என்றார் அண்ணாச்சி.

“அண்ணே, ஆட்டுக்குத் தொங்குமே, அது மாதிரியே தாடி! இதக் கொல்லப்பிடாது. நம்ம ஊருணில விடுவோம்.” அய்யா அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். என்னை ஒருநாளும் அப்படித் தூக்கியதில்லை.

மணலில் குழி பறித்துக் கடல்நீர் நிரப்பி மீனை விட்டாள். வெயில் ஏற ஏற அது சோர்ந்தது. முத்து என்னிடம் ஓடிவந்தாள்.

“உப்புத்தண்ணி குடிச்சி வாடுதுண்ணே. நல்ல தண்ணி ஊத்தட்டா?”

கடல் மீனை நல்ல தண்ணீரில் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஏன் ஊதுகிறது என்ற பாடத்தில், வாத்தியார் அதையும் சொல்லியிருந்தார். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க்.

“ஊத்து. நிறைய ஊத்து” என்றேன்.

மீனை அண்டாவுக்கு மாற்றி, அதில் ஒரு குடத்தைக் கவிழ்த்தாள். மீன் வெடுக்கென்று ஒரு சுற்றுச் சுற்றியது. “பாத்தியா, தெம்பாயிருச்சி!” என்று கைதட்டினாள். பிறகு அது சாய்ந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. சிவப்பு வெளிறியது. அவள் இன்னும் தண்ணீர் ஊற்றினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன். சொன்னால் நம்புங்கள், கையில் நோட்டு இருந்தது.

அய்யா வந்தார். கவிழ்ந்த குடத்தைப் பார்த்தார்.

“குடிக்க வச்ச தண்ணிய மீனுக்கு ஊத்துனியாட்டி?”

“அண்ணன் சொல்லிச்சி.”

அய்யா என் பக்கம் திரும்பினார். “ஏலே, நீயா சொன்ன?”

“நான் சொல்லலை.”

அவள் கன்னத்தில் அறை விழுந்த சத்தத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கினார்கள். முத்து அழவில்லை. என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். மத்தியானம் அம்மா அந்த மீனைக் குழம்பு வைத்தாள். வளர்கிற பையன் என்று நடுத்துண்டு எனக்கு. தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. சித்தப்பா தனியாகப் போய்விட்டதால் ஆட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. “மீனுக்கு நல்ல தண்ணி ஊத்துன கழுதைக்குப் படிப்பு என்னத்துக்கு?” என்று சிரித்துக்கொண்டே முத்துவின் கையில் ஆட்டுக் கம்பைக் கொடுத்தார் அய்யா. நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அய்யா இல்லை. ஊருணி முழுக்க வேலிக்கருவை முள் மண்டிவிட்டது. வீட்டுக்குள்ளேயே குழாய், திறந்தால் நல்ல தண்ணீர்.

“மாமா, எம்புட்டுன்னு சொல்லுங்க” என்று மருமகன் மறுபடியும் கேட்டான்.

நான் வாய் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து முத்துவின் குரல் வந்தது, கோபமே இல்லாமல்:

“மாமாட்டக் கேக்காத. அந்தக் கடைக்காரருக்கே போன் போட்டுக் கேளு.”

அவன் போனை எடுத்தான். ‘அண்ணன் சொல்லிச்சி’ என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்ன வாய் அவளுடையது. அந்த நாலாம் நாளுக்குப் பிறகு அதிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்கவே இல்லை.