என் மகள் செய்த அருவி

குற்றாலம் மெயின் அருவியில் சீசன் பந்தோபஸ்து என்றால் பெண்கள் பக்கத்துக்கு என்னைத்தான் போடுவார்கள். என் தொண்டை அப்படி. அருவிச் சத்தத்தையும் தாண்டி, வண்டி நிறுத்துகிற இடம் வரைக்கும் கேட்கும். சோப்புப் போடாதே, ஷாம்பு போடாதே, போனை எடுக்காதே, அடுத்தவளுக்கு இடம் விடு என்று காலையிலிருந்து கத்திக்கொண்டே இருப்பேன். "போலீஸ்கார அக்கா வீட்ல சண்ட போட்டுட்டு வந்திருக்காவ போல" என்று ஈரத்தலையோடு பேசிக்கொண்டு போவார்கள். பேசட்டும். தண்ணீர் கூடும்போது அவர்களை வெளியே இழுத்துப் போடுகிறவள் நான்தான்.

என் மகள் சென்னையில் ஒரு கம்பெனியில் தண்ணீர் செய்கிறாள். கம்ப்யூட்டரில்தான். வெளிநாட்டு ஸ்டுடியோக்கள் எடுக்கிற அனிமேஷன் படங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வேலையைப் பிரித்து இங்கே கொடுப்பார்களாம். ஒருத்தனுக்கு முடி, ஒருத்தனுக்குப் புகை, இவளுக்குத் தண்ணீர். வடகரையில் எங்கள் தெருவில் இதை விளக்கிச் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு அந்தச் சிரமமே இல்லை. "குத்தாலத்துக்காரிக்குத் தண்ணியக் குடுக்காம வேற எதக் குடுப்பான்" என்று தென்னந்தோப்பில் தேங்காய் எடுக்க வருகிற ஆட்களிடம் பீற்றிக்கொள்வார்.

அவளுக்குக் கிடைத்த பெரிய படம் ஒரு காமிக்ஸ் கதை. நீலத் துணியை முதுகில் கட்டிக்கொண்டு பறக்கிற ஒரு வீராங்கனைதான் நாயகி. அந்த நாயகி வருகிற புத்தகங்களைச் சின்ன வயதிலிருந்து படித்து வளர்ந்தவர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. படத்தில் ஓர் அருவிக் காட்சி. அதில் குளித்துக்கொண்டிருக்கும் சின்னப் பெண்ணை நாயகி காப்பாற்ற வேண்டும். அந்த அருவி முழுக்க என் மகளுடைய பொறுப்பு.

டிரெய்லர் வந்தது. ரசிகர்கள் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். நீலம் சரியில்லை, இடுப்புப் பட்டை சரியில்லை என்று ஆரம்பித்து அருவிக்கு வந்தார்கள். அருவியா அது, பஞ்சுமிட்டாயா என்று ஒருத்தன் கேட்டிருக்கிறான். இன்னொருத்தன் அந்த அருவியை அப்படியே ஒரு குச்சியில் சுற்றி, திருவிழாவில் நிற்கிற பிள்ளை கையில் கொடுத்த மாதிரி படம் செய்து போட்டுவிட்டான். அது உலகமெல்லாம் சுற்றி எங்கள் ஸ்டேஷன் வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்தது. யார் வேலை என்று தெரியாமல் எல்லாரும் சிரித்து வைத்திருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறு வாரம் மகள் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்து நின்றாள். தட்டில் போட்ட சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள்.

"எவன்ட்டி அந்தப் படத்தப் போட்டவன்? நம்பரக் குடு" என்றேன்.

"அவங்க சொன்னது சரிதாம்மா. ரசிகன்னா அப்படித்தான் இருப்பான். அந்தப் புக்க நெஞ்சுல வச்சிருக்கவன், அரைகுறையாச் செஞ்சா கோவம் வரத்தான் செய்யும்."

"நீ அரைகுறையாவா செஞ்ச?"

"கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு. பாத்தா தண்ணி மாதிரி இல்ல. ஏன்னு எனக்கே தெரியல."

கம்பெனியில் இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள். அதிலும் வரவில்லை என்றால் அந்தக் காட்சி வேறு கம்பெனிக்குப் போய்விடும். "போச்சுன்னா நான் இந்த வேலையே பாக்கலம்மா" என்றாள். என் மகள் சும்மா மிரட்டுகிறவள் இல்லை. சொன்னால் செய்துவிடுவாள், அந்தக் குணம் என்னிடமிருந்து போனது.

அடுத்த நாள் அருவிக்கு வந்தாள். பெண்கள் பக்கம் நின்றுகொண்டு போனைத் தூக்கினாள். நான் விடுவேனா. பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"அம்மா, நான் தண்ணியத்தான் எடுக்கேன்."

"எல்லாவளும் அப்படித்தான் சொல்லுதா. பெத்த மவளா இருந்தாலும் இங்கன போன் கிடையாது. போய் அங்கன உக்காரு."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் முகம் சிறுத்துவிட்டது. ஆனாலும் போகவில்லை, ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். அடுத்தடுத்த நாளும் வந்தாள். என் மேல் உள்ள கோபத்தில் பிடிவாதம் பிடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மதியம் மலை மேலே மழை பிடித்துவிட்டது. கீழே வெறும் சாரல்தான். குளிப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் எப்போதும் கூட்டத்தைப் பார்க்க மாட்டேன், மேலே தண்ணீர் விழ ஆரம்பிக்கிற இடத்தைத்தான் பார்ப்பேன். வெள்ளையாக இருந்த தண்ணீர் லேசாகக் கலங்கியது. பின்னால் பச்சை இலைகள் வந்தன, ஒரு சுள்ளி வந்தது. அவ்வளவுதான், விசிலை ஊதிக்கொண்டே உள்ளே இறங்கிவிட்டேன். "ஏட்டி, வெளிய வா, தண்ணி கூடுது" என்று ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினேன். "இப்பதான வந்தோம்" என்று ஒருத்தி சண்டைக்கு நின்றாள், அவளையும் சேர்த்து இழுத்தேன். கடைசி ஆள் படியேறுவதற்குள் தண்ணீர், அருவிக்கு முன்னால் கட்டியிருக்கிற பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்தது. என் மகள் மட்டும் படியில் அசையாமல் இருந்தாள்.

"ஒனக்குத் தனியா வெத்தல பாக்கு வைக்கணுமாட்டி? எந்தி" என்றேன். அன்றைக்கு ராத்திரியே அவள் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அதன்பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. "முடிச்சுக் குடுத்துட்டேன், வாங்கிக்கிட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். அடுத்த டிரெய்லரில் அருவியைக் காட்டவே இல்லை. ரசிகர்கள் விட்டார்களா, பஞ்சுமிட்டாயைப் பிள்ளை தின்று தீர்த்துவிட்டதா என்று அதற்கும் ஒரு கேலி. ஸ்டுடியோ வாங்கிக்கொண்டது பெரிதில்லை, பார்க்கிறவன் நம்ப வேண்டும் என்று அவள் போனில் சொன்னபோது குரலே அடங்கிப் போயிருந்தது.

படம் வெளியான அன்றைக்குச் சென்னையில் கூட வேலை செய்கிறவர்களோடு பார்க்காமல் தென்காசிக்கு வந்துவிட்டாள். "அங்கன எல்லாரும் என் சேக்காளிக. நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. அருவி தெரிஞ்ச ஆளுகளுக்கு நடுவுல உக்காந்து பாக்கணும்மா." நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். "பொம்மப் படத்துக்கு என்னத்துக்கு நானு, நீங்க போய்ட்டு வாங்க" என்று அவள் அப்பா வீட்டிலேயே இருந்துவிட்டார். பயம்தான், வேறொன்றும் இல்லை.

காலைக் காட்சிக்கே தியேட்டர் நிறைந்துவிட்டது. சுரண்டையிலிருந்து ஒரு கூட்டம் நீல பனியன் போட்டுக்கொண்டு வந்திருந்தது. எல்லாம் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். அதில் தலைவர் மாதிரி இருந்தவர் அங்கே ஜவுளிக்கடை வைத்திருப்பவராம். பழைய காமிக்ஸ் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். படம் ஆரம்பிக்கும் முன் எழுந்து நின்று சத்தமாகச் சொன்னார்: "யாரும் போன்ல எடுக்காதிய. கதை தெரிஞ்சவிய மத்தவியளுக்குச் சொல்லி ருசியக் கெடுத்துராதிய." எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவரும் பந்தோபஸ்துதான் பார்க்கிறார்.

நாயகி வந்ததும் பேப்பரைக் கிழித்து வீசினார்கள். அவள் பேசுவதற்கு முன்னால் இவர்கள் பேசினார்கள், எல்லாம் மனப்பாடம். அருவி வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது. மகளுடைய கை என் கைக்குள் வந்து நுழைந்தது, ஐஸ் மாதிரி இருந்தது. அப்போது புரிந்துகொண்டேன்.

திரை முழுக்க அருவி. அடியில் அந்தச் சின்னப் பெண் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். தியேட்டரில் சத்தமே இல்லை. நல்லாயிருக்கிறதா இல்லையா என்று யோசிக்கக்கூட எனக்கு நேரம் இல்லை. தண்ணீர் கலங்கிவிட்டது. இலை வருகிறது. அந்தப் பிள்ளை பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு நிற்கிறது. என் கை நெஞ்சுப் பக்கம் போய் விசிலைத் தேடியது. விசில் இல்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"ஏட்டி, வெளிய வா. தண்ணி கூடுது."

அருவியடியில் போடுகிற அதே சத்தம். மொத்த தியேட்டரும் திரும்பிப் பார்த்தது. ஜவுளிக்கடைக்காரருக்கு வந்ததே கோபம். "ஏங்க்கா, கதையச் சொல்லாதியன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா? பாத்துட்டு வந்து இப்படி உயிர வாங்குதியளே" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் திரையில் வெள்ளம் இறங்கியது. எனக்குப் பின்வரிசையில் ஒரு அம்மா குனிந்து தன்னுடைய செருப்பையும் பையையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நாயகி பறந்து வந்து பிள்ளையைத் தூக்கினாள். அப்புறம் எழுந்த சத்தத்தில் என் சத்தமெல்லாம் ஒன்றுமே இல்லை. என் மகள் மட்டும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேனே என்று மெதுவாக உட்கார்ந்தேன். மிச்சப் படத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்ல எனக்குத் தெரியாது.

படம் விட்டதும் வாசலில் அந்த ஜவுளிக்கடைக்காரர் எங்களைத் தேடி வந்தார். கோபம் போயிருந்தது, குழப்பம்தான் இருந்தது.

"அக்கா, தப்பா நெனைக்காதிய. இதுதான மொத ஷோ? புக்குல அந்த எடத்துல வெள்ளமே கிடையாது. வில்லன் பாறையத்தான் உருட்டுவான். நாங்களே பாறைய எதிர்பாத்துக்கிட்டு இருந்தோம். ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"தண்ணி கலங்குச்சுல்லா தம்பி. பெறகு எல வந்துச்சு. அதுக்கு மேலயும் ஒரு பிள்ளைய அங்கன நிக்க விடலாமா?"

"எல வந்தத நானும் பாத்தேன். சும்மா அழகுக்குன்னு நெனச்சேன்" என்றார்.

என்னால் அதற்கு மேல் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "இவதான் தம்பி அந்தத் தண்ணியச் செஞ்சவ. எம் மவ." சொல்லும்போது என் தலை நிமிர்ந்ததை நானே உணர்ந்தேன்.

அவர் என் மகளைப் பார்த்தார், கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். "அந்தப் பஞ்சுமிட்டாய் படத்த நானும் நாலு குரூப்புக்கு அனுப்புனேம்மா" என்றார்.

"எனக்கும் வந்துச்சு அண்ணாச்சி. நல்லாத்தான் இருந்துச்சு" என்று சிரித்தாள். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது.

"அந்த எலய ஸ்டுடியோல வைக்கச் சொன்னாங்களா?"

"இல்ல அண்ணாச்சி. நானா வச்சது. இது எதுக்குன்னு கேட்டாங்க, இருக்கட்டும்னு சொல்லிட்டேன். எங்கம்மா அருவில போலீஸு. அவிய எப்ப விசில எடுக்காவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அதுக்குக் கொஞ்சம் முன்ன தண்ணில என்ன வந்துச்சோ அத வச்சேன்."

எனக்குப் புரியவில்லை. "நீ அங்கன உக்காந்து தண்ணியத்தானட்டி பாத்த?" என்றேன்.

"தண்ணிய ஆயிரம் பேரு எடுத்துப் போட்டிருக்கான்மா, போன்லயே கெடைக்கு. ஒன் மூஞ்சிதான் எங்கயும் இல்ல."

இத்தனை சீசனில் அந்தப் படியில் எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்து போயிருப்பார்கள். எல்லாரும் அருவியைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தவள் இவள் ஒருத்திதான், அதையும் நான் முறைப்பு என்று நினைத்திருக்கிறேன்.

"சரி சரி, நட. அப்பா சாப்பிடாம வாசல்லயே நிப்பாவ" என்றேன். எனக்குக் குரல் வெளியே வரவில்லை. அவளுக்கு மட்டும் கேட்டிருக்கும்.