திரை ஒளிர்வதற்கு முன்

அந்தச் சாம்பல் நிறப் பட்டை வயரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு முழம்கூட இருக்காது. ஒரு முனை கம்ப்யூட்டரோடு சேர்ந்த டீபக்கர் என்னும் சின்னப் பெட்டியில், மறுமுனை நாங்கள் செய்த சர்க்யூட் போர்டில். போர்டுக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பதற்காக மாட்டிய வயர். பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. எங்கள் வேலையில் ஒரு பங்கையும் சத்தமில்லாமல் அதுவே செய்துகொண்டிருந்தது. உயிரில்லாத பொருள் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று என் கணவர் கேட்பார். வேறு யார் மேல் கோபப்படுவது? போய்ச் சேர்ந்த மனிதர் மேலா? அவர் மேலும்தான் எனக்குக் கோபம் இருக்கிறது.

அவரை நாங்கள் லீடர் என்றுதான் கூப்பிடுவோம். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனி. நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்தேற்றும் பம்பு செய்வது எங்கள் வேலை. அதுவரை வெளிநாட்டு போர்டை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்த முதலாளிக்கு, சொந்தமாக ஒன்று செய்து பார்க்கும் ஆசை வந்தது. முதலாளியை முதுகுக்குப் பின்னால், பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுவது போல ‘முசியே’ என்று கேலி செய்யும் ஒரே ஆள் லீடர்தான். முதலியார்பேட்டைக்காரர், மில் தொழிலாளியின் மகன், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் படிப்பை முடித்த சூட்டோடு அங்கே சேர்ந்தவள். பம்பின் திரையில் எண்களும் எச்சரிக்கைகளும் வருகிற பகுதியை என்னிடம் கொடுத்திருந்தார்கள். போர்டை எழுப்பிவிடுகிற பகுதி லீடருடையது.

எழுப்புவது என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். சுவிட்சைப் போட்டதும் ஒரு சிப்புக்கு எதுவும் தெரியாது. தன் கடிகாரம் எந்த வேகத்தில் ஓட வேண்டும், மெமரி எங்கே இருக்கிறது, எந்தக் கதவை மூடி வைக்க வேண்டும், எதை எப்போது திறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக யாராவது சொல்ல வேண்டும். வரிசை தப்பினால் அவ்வளவுதான், கல் மாதிரி கிடக்கும். எல்லாம் சரியாக நடந்த பிறகுதான் நேரம் தவறாமல் வேலைகளைப் பங்கிட்டு நடத்துகிற ஆபரேட்டிங் சிஸ்டம் பொறுப்பேற்கும், அதற்கப்புறம்தான் என் திரை. இதை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் லீடர் தன் பாணியில் சொன்னார். “கல்யாண மண்டபத்துல விடியறதுக்கு முன்னாடி ஒருத்தன் வந்து, மோட்டாரப் போட்டு, தொட்டி ரொப்பி, கேட்டத் தொறந்து வெச்சிட்டுப் போவான் பாரு, அந்த வேலைம்மா நம்புளுது. மொய் எழுத வர்றவன் எவனும் அவனப் பாத்திருக்க மாட்டான்.” சொல்லிவிட்டு எல்லோருக்கும் முன்னால் அவரே சிரித்தார்.

சேதராப்பட்டு வெயிலில் நாங்கள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்க, அவர் மட்டும் ஒரு மடக்கு குடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிடுவார். தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்வார். பல் வலியா என்று கேட்டேன். பதிலுக்கு முழுக்கைச் சட்டையை மடித்து இடது கையை நீட்டி, “தொட்டுப் பாரு, மோட்டார் ஓடுது” என்றார். தோலுக்கடியில் ஏதோ விர்ரென்று ஓடியது. பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டேன். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். வாரத்தில் இரண்டு நாள் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வதற்காக டாக்டர்கள் அந்தக் கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அரை நாள் லீவு எல்லாம் வயசான அம்மாவைப் பார்த்துக்கொள்ள என்று முதலாளியிடம் சொல்லியிருந்தார். உண்மை தெரிந்தால் முதலாளி இரக்கப்பட்டு வேலையைப் பிடுங்கி வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார் என்பது அவர் பயம். திட்டுவதைக்கூடத் தாங்கிக்கொள்வார், இரக்கத்தைத் தாங்கமாட்டார். இந்த போர்டு தானாக எழுந்து நிற்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அதற்கப்புறம் எது வந்தாலும் வரட்டும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அதைச் சினிமா வசனம் மாதிரி இல்லாமல், ரேஷன் கடைக்குப் போகணும் என்கிற மாதிரிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போர்டு எழுந்தது. மேஜை மேல் மாதக்கணக்கில் நன்றாகவே ஓடியது. சந்தோஷத்தில் முதலாளி சென்னையிலிருந்து பம்பு வாங்கும் டாக்டர் ஒருவரை அழைத்து வந்துவிட்டார். போர்டைப் பம்புக்குள் வைத்து மூடி, வயரைக் கழற்றி, டாக்டர் முன்னால் வைத்து நானே சுவிட்சைப் போட்டேன். திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி போட்டேன். அப்போதும் கறுப்பு. மூடியைத் திறந்து வயரை மாட்டினால் உடனே விழித்துக்கொள்கிறது. கழற்றினால் செத்த பிணம். டாக்டர் நல்ல மனிதர், நிலைமையை லேசாக்கத்தான், “இந்த வயரையும் சேத்துத்தான் பேஷன்ட்டுக்குக் குடுப்பீங்களா?” என்று கேட்டார். முதலாளி சிரித்தார். லீடர் சிரிக்கவில்லை. அவர் முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது.

என்ன நடந்தது என்பது அவருக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. போர்டு முதன்முதலில் வந்த நாளில், அவசரத்துக்கு, மெமரியை எழுப்பும் கட்டளைகளை டீபக்கருக்குள் ஒரு துண்டு நிரலாகப் போட்டு வைத்தவர் அவர்தான். இன்றைக்கு மட்டும் இருக்கட்டும், நாளைக்கு போர்டின் சொந்த நிரலுக்குள் எழுதிக்கொள்ளலாம் என்று போட்டது. அந்த நாளைக்கு வரவேயில்லை. வயரை மாட்டும்போதெல்லாம் டீபக்கர் மெமரியை எழுப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது, போர்டு தானே எழுந்ததாக நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. எங்களில் எவருக்கும் வயரைக் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. கழற்றினால் உள்ளே நடப்பது தெரியாதே, எதற்குக் கழற்றுவோம்?

அந்தக் கட்டளைகளை எடுத்து உள்ளே எழுதிவிட்டால் தீர்ந்ததென்றுதான் நானும் நினைத்தேன். தீரவில்லை. டீபக்கர் நிதானமாகச் செய்ததை போர்டு தன் வேகத்தில் செய்யும்போது மெமரி சில நேரம் விழித்தது, சில நேரம் விழிக்கவில்லை. சூடாக இருந்தால் ஒரு மாதிரி, ஆறிப்போனால் ஒரு மாதிரி. அவகாசம் கேட்ட லீடருக்கு முதலாளி தீபாவளி வரை நேரம் கொடுத்தார். அதற்குள் முடியவில்லையென்றால் பழையபடி வெளிநாட்டு போர்டுதான் என்றும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்துதான் லீடர் ஆஸ்பத்திரியை ஏமாற்ற ஆரம்பித்தார்.

எங்கள் கம்பெனி பஸ் கோரிமேடு வழியாகத்தான் போகும். அவருடைய நாட்களில் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அவரே எழுந்து இறங்கிக்கொள்வார். பிறகு சில நாட்கள் இறங்காமல் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளியூர் பஸ்ஸில் வந்த நோயாளிகள் பைகளோடு சாலையைக் கடந்துகொண்டிருப்பார்கள், அவர் அவர்களைப் பார்க்கவே மாட்டார். நான் சண்டை போட்டிருக்கிறேன். பஸ் என்றும் பாராமல், இறங்குங்க லீடர் என்று கத்தியிருக்கிறேன். “இது எழுந்துக்கட்டும்மா, நான் படுத்துக்கறேன்” என்பார். அவர் மனைவி மதியத்துக்குள் ஆபீசுக்கு போன் பண்ணிவிடுவார். ஒருநாள் நான் எடுத்தேன். “அந்தப் பொட்டிகிட்ட சொல்லும்மா, எனக்கு ஒரே ஒரு புருஷன்தான் இருக்காருன்னு” என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. நான் போனைக் கொண்டுபோய் லீடரிடம் நீட்டினேன். வந்துட்டேன், வந்துட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். முகமும் காலும் வீங்கிப்போய், செருப்பு வாரைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருப்பார்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், சாப்பாடு முடிந்த ஒரு மதியம், எல்லோரையும் கூப்பிட்டார். மேஜை மேல் இருந்த ஒவ்வொரு வயரையும் அவர் கையாலேயே கழற்றி நாற்காலியில் போட்டார். மிச்சம் இருந்தது மின்சார வயர் ஒன்றுதான். சுவிட்சைப் போட்டார். திரை வந்தது. அணைத்துவிட்டு, நன்றாக ஆறட்டும் என்று காத்திருந்து மறுபடி போட்டார். வந்தது. ஐஸ் பையை மேலே வைத்துப் போட்டார். வந்தது. அப்புறம் முக்காலியில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணி குடு என்று கேட்டு, முழு டம்ளரையும் ஒரே மூச்சில் குடித்தார். அத்தனை மாதத்தில் அவர் ஒரு முழு டம்ளர் குடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். “இன்னிக்கு மட்டும்” என்றார். அதைக் கேட்டு எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். முதலியார்பேட்டையில் கொட்டுகிற மழையில் எடுத்தார்கள். முதலாளி குடைகூடப் பிடிக்காமல் கடைசிவரை நடந்து வந்தார். இப்படி ஒரு உடம்பை வைத்துக்கொண்டா வேலை செய்தார், தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று என்னிடம் கேட்டார். இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் சிப் வாங்கினால் அதை எழுப்பும் நிரலையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். நல்லதுதான். இதற்காக இனி ஒரு மனிதர் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்காமல் போக வேண்டியதில்லை. ஆனாலும் மனசு கேட்கமாட்டேன் என்கிறது. சில வருஷம் பொறுத்திருந்தால் சும்மாவே கிடைத்திருக்கும் ஒன்றுக்காகவா இப்படிச் செய்தீர்கள் என்று அவரைப் பிடித்து உலுக்கத் தோன்றுகிறது.

காரியம் எல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, அவர் மனைவி ஆபீசுக்கு வந்தார். மேஜையில் இருந்த சாப்பாட்டு டப்பா, ஸ்வெட்டர், கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கிளம்பியவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். “அவுரு செஞ்சது எதும்மா? ஒருவாட்டி காட்டேன்” என்றார்.

ஒரு பம்பை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்துச் சுவிட்சைப் போட்டேன். ஒரு கணம் இருட்டு, பிறகு திரை நீலமாக ஒளிர்ந்து எண்கள் வந்தன. அவர் விரலால் திரையைத் தொட்டார். “இதா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் லீடர் செய்ததை என் திரையைக் காட்டி மறைத்துவிடுவது போல இருந்தது எனக்கு. “இல்லக்கா, இது நான் எழுதுனது. அவரோடது இது வர்றதுக்கு முன்னாடியே ஓடி முடிஞ்சிடும்.”

“அப்ப எங்கதான் பாக்கறது?”

“சுவிட்சு போட்டதும் கொஞ்சம் இருட்டா இருக்குது பாருங்க, அப்பதான்க்கா அவரு இருக்காரு.”

அவர் பையைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்னொரு வாட்டி போடச் சொன்னார். அணைத்துப் போட்டேன். அந்தக் கறுப்புத் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். வெளிச்சம் வந்ததும் பின்னுக்கு நகர்ந்துகொண்டார். மறுபடி அணைத்தேன், மறுபடி போட்டேன். போதும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை.