மாலதிக்கு வந்த காய்ச்சல்

கழிப்பறை வரிசை நகர்ந்தும் பேராச்சி நகரவில்லை. வாளியைக் காலடியில் வைத்துவிட்டுச் சுண்டுவிரலால் போனைத் தட்டிக்கொண்டிருந்தார். தாராவிப் பட்டறையில் பர்ஸுக்கு உள்துணி ஒட்டுகிறவர். மற்ற விரல்களில் பசை காய்ந்து கிடப்பதால் போன் அவற்றை மதிப்பதில்லை.

“பேராச்சிக்கா, ஆகே சலோ, முன்னால போங்க. ஹீரோயின் அப்புறமா அழட்டும், எனக்கு அவசரம்” என்றார் பின்னால் நின்ற ஆபிதா.

“அவ அழமாட்டா. நீ வேணா முன்னால போ.”

இப்படித்தான் ஒன்பது ஆண்டுகளாகப் போனிலேயே அவருடைய நாவல் வளர்ந்தது. வரிசையில் நிற்கும்போதுதான் யாரும் அவரை வேலை ஏவுவதில்லை. ஒருமுறை போன் மழைத்தண்ணீரில் விழுந்து, அதுவரை எழுதிய பாதி நாவலும் போயிற்று. முதலிலிருந்து எழுதினார். பதிப்பகங்கள் பதில்கூடப் போடவில்லை. கடைசியில் மதுரைக்காரர் ஒருவர் ஒப்புக்கொண்டார்.

எழுதியது மூத்த மகள் மாலதியின் கதை. மும்பையிலேயே விக்ரோலிக்கு வாழப்போனவள், புருஷன் அடித்த அடியில் செத்தாள். இளையவளை நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று குடும்பம் கூடிப் பேசி, டெங்கு என்று ஊருக்குச் சொன்னது. பேராச்சியும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத் திருப்பி வாங்கத்தான் இத்தனை வருஷ எழுத்து.

அச்சுக்குப் போகும் நேரம் பார்த்து இளையவள் மாரிசெல்விக்குக் கல்யாணம் திகைந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் பேராச்சியின் சொந்த ஊர்க்காரர்கள்.

“ஏட்டி, ஊருக்குச் சொன்னதையே புஸ்தகத்துலயும் போட்டுரு” என்றார் கணவர் கணேசபாண்டியன்.

“இது நாவலுங்க. பேரெல்லாம் மாத்தியாச்சு.”

“பேர மாத்துன, சரி. விக்ரோலியும் அவ வீட்டுப் பச்சக் கதவும் அப்படியேல்லா கெடக்கு. நம்ம ஆட்களுக்குத் தெரியாதாக்கும்?”

மாரிசெல்விக்குத் தமிழ் படிக்க வராது. “மம்மி, உன் புக்கை நான் படிக்கப்போறதில்ல. அவங்க படிப்பாங்க. ப்ளீஸ்” என்றாள்.

பேராச்சி பட்டறையிலிருந்தே பதிப்பாளருக்குச் செய்தி அனுப்பினார். கடைசி அத்தியாயத்தில் அடி வேண்டாம், காய்ச்சல் என்று மாற்றிவிடுங்கள். கதை செத்துப்போகுமே அம்மா, என்று அவர் பதில் போட்டார்.

“தெரியும் சார்.”

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பார்சல் வந்தது. கணேசபாண்டியன் ஒரு பிரதிக்குக் குங்குமம் வைத்து, மாலதியின் படத்துக்கு முன் சாத்தி, ஊதுபத்தி கொளுத்தினார்.

பேராச்சி எழுந்துபோய் அதை எடுத்தார். சேலைத் தலைப்பால் குங்குமத்தைத் துடைத்தார்.

“ஏன் எடுக்க?”

“அவ முன்னால வேண்டாம்” என்று சொல்லி, அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகினார்.