இரும்புக்குப் பதில் ஒரு புத்தகம்

சாவுச் செய்தி வந்தபோது நான் நீதிமன்றத்தின் காத்திருப்பு அறையில் இருந்தேன். அன்றைய வழக்குக்கு வந்திருந்த இளம் மொழிபெயர்ப்பாளர் தன் போனைப் பார்த்துவிட்டு, "அண்ணா, றெஜினா அக்கா மோசம் போயிட்டாவாம். உங்களுக்குத் தெரியுமோ?" என்றாள். பதில் சொல்லுமுன் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். நீதிபதி வர எல்லோரும் எழுந்து நின்றோம். முன்பெல்லாம் அந்த நேரத்தில் றெஜினா அக்கா என் பக்கம் சாய்ந்து, "பூசை தொடங்கிட்டுது" என்று முணுமுணுப்பார். அன்று அதைச் சொல்ல ஆளில்லை.

அக்கா மன்னார்க்காரர், கத்தோலிக்கர். நான் வெம்பிளியில் வாடகை வீட்டுப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்பவன். எங்கள் ஆட்களின் வழக்குகளுக்கு மொழிபெயர்க்க அவர் வருவார். காத்திருக்கும் நேரமெல்லாம் எங்களுக்குள் ஒரே சண்டைதான். இந்த வெள்ளைக்கார நாட்டுச் சட்டம் மதத்தை எப்போதோ கழற்றி வைத்துவிட்டது என்பேன். அவர் சிரிப்பார். ஒரு காலத்தில் இங்கே பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பாதிரியார் மந்திரித்துக் கொடுப்பாராம். குற்றம் சாட்டப்பட்டவர் அதைக் கையில் பிடித்து நடக்கவேண்டும். புண் நன்றாக ஆறினால் நிரபராதி. "இரும்பை வாங்கி வச்சிட்டுச் சத்தியம் பண்ண வேதப் புத்தகத்தைக் குடுத்திருக்கிறாங்கள். இப்பவும் உன்ர கையைத்தான் பாக்கிறாங்கள்" என்பார்.

நோர்பரியில் வாடகைக்கு இருந்த பாக்கியம் அன்ரியின் வழக்கில் அதை நேரில் பார்த்தோம். அன்ரி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டார். அவரும் நம்மவர்தான், கோயில் நிர்வாக சபையில் இருப்பவர். அன்ரி தானாகவே வீட்டை விட்டுப் போனதாகச் சொன்னார். எழுத்தில் எதுவும் இல்லை. இருவரில் யாரை நம்புவது என்பதுதான் வழக்கு.

வீட்டுக்காரர் கீதையில் கை வைத்து, பஸ்ஸுக்கு டிக்கெட் கேட்பதுபோலச் சத்தியம் செய்தார். அன்ரியிடம் புத்தகத்தை நீட்டியதும் அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஒரு வீட்டுக்காகக் கடவுளில கை வைக்க மாட்டன். நடந்ததைச் சொல்லுறன்" என்றார். கடவுள் பெயர் இல்லாத உறுதிமொழியைப் பிறகு கொடுத்தார்கள், அதைச் சொன்னார். ஆனால் நீதிபதி அதற்கு முன்பே எதையோ குறித்துக்கொண்டுவிட்டார்.

அக்கா விளக்கம் சொல்ல அனுமதி கேட்டார். சொன்னதை மட்டும் மொழிபெயர்த்தால் போதும் என்றார் நீதிபதி. அக்கா நிறுத்தவில்லை. இந்த மக்களிடையே கடவுளுக்குப் பயந்தவர்தான் சத்தியம் செய்யத் தயங்குவார் என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். கேட்டவுடன் சத்தியம் செய்பவரைத்தான் இவர்கள் சந்தேகிப்பார்கள் என்றும் சொன்னார். வீட்டுக்காரரின் வழக்கறிஞர் எழுந்துவிட்டார்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று விசாரணை நின்றது. வேறு மொழிபெயர்ப்பாளரோடு மறுபடி நடந்து, அன்ரி தோற்றார். அங்கும் அவர் சத்தியத்துக்குத் தயங்கியது தீர்ப்பில் ஒரு காரணமாக இருந்தது. அக்காவுக்கு எதிராக முறைப்பாடு போனது. அதன் பிறகு அவரை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை. கொஞ்சக் காலம் வீட்டில் இருந்துவிட்டு, ஹரோவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறைக்கு வேலைக்குப் போனார்.

கிறிஸ்தவ வேதக்காரி ஒருத்தி கீதையை அவமதித்தாள் என்று வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொன்னார். கோயிலுக்குப் போகும் நம்மவர்கள் நம்பினார்கள். அக்காவின் தேவாலயப் பங்கு மக்களோ, வீண் வம்பு எதற்கு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். இப்போது அவர்கள்தான் வாட்ஸ்அப்பில் மெழுகுதிரிப் படம் போட்டு 'நீதியின் குரல்' என்று எழுதுகிறார்கள். அந்தக் குரல் வேலை இழந்து வீட்டில் இருந்தபோது உங்களில் எத்தனை பேர் கதவைத் தட்டினீர்கள்?

கடைசியாகச் சந்தித்தபோது, "நான் வாயைப் பொத்தியிருந்தா அன்ரிக்கு வீடு கிடைச்சிருக்குமோ?" என்று கேட்டார். மறுவிசாரணை புதிதாகத்தான் நடந்தது, அதனால் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றேன்.

"நீ சட்டத்தைச் சொல்லுறாய் தம்பி. நான் அதைக் கேக்கேல்லை."

 தன் மேல் பிழை இருந்ததா என்று தெரியாமலே அக்கா போய்விட்டார்.

இப்போது என்னிடம் வருகிறவர்களிடம், வழக்குக்கு முன்பே, புத்தகத்தில் கை வைக்க ஏலுமா என்று கேட்கிறேன். ஏலாது என்றால் காரணத்தை நீதிமன்றத்துக்கு முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். அக்கா அன்று நீதிபதியிடம் சொன்னதில் முதல் பாதியை, கடவுளுக்குப் பயந்தவர்தான் தயங்குவார் என்பதைத்தான், எழுதுகிறேன். மற்றப் பாதியும் உண்மைதான். அதை எழுதாமல் என்னோடு வைத்திருக்கிறேன்.