ஊசி போட்டாச்சு, சாப்பிட மாட்டேங்காவ

முதியோர் இல்லத்தில் சாப்பாடு கொடுக்கும் வேலை பார்ப்பவர்களே, உங்களுக்குத் தெரியும்: வேண்டாம் என்று மூடிய வாய்க்கு முன்னால் நாம் வாங்கிய பட்டம் ஒரு கரண்டிக்குக்கூட ஆகாது. நான் உணவியல் படித்துவிட்டு, தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் ஓர் இல்லத்தில் சேர்ந்தேன்.

உப்புமா

முதல் வாரம். சர்க்கரை நோயுள்ள செல்லம்மாள் ஆச்சி உப்புமாத் தட்டைத் தள்ளிவிட்டார். எனக்கு அதட்டிப் பேச வராது. பேசாமல் பக்கத்திலேயே நின்றேன். பத்து நிமிஷம் கழித்து அவரே தட்டை இழுத்துக்கொண்டார்.

"ஏட்டி, போலீஸ்காரி மாதிரி நிக்காத. தின்னு தொலைக்கேன்."

பதினோரு தட்டு

ஒரு சாரல் நாள், விடியும்போதே பரமசிவம் தாத்தா இறந்துவிட்டார். கோயம்புத்தூரிலிருந்து மகன் வரும்வரை பின்னறையில் கிடத்தியிருந்தோம். இறப்பை மற்றவர்களிடம் சொல்வது எங்கள் இல்லத்தில் வழக்கமில்லை. "பயந்துருவாவ" என்பார் பொறுப்பாளர் அக்கா. அதனால் கேட்டவர்களிடமெல்லாம், "மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு" என்று நானே சிரித்துக்கொண்டு சொன்னேன்.

மதியம் நர்ஸ் வந்து செல்லம்மாள் ஆச்சிக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டுப் போனார். சாம்பார் சாதம் வைத்தேன். பதினோரு பேரில் ஒருவர்கூடத் தொடவில்லை. ஊசி போட்டபின் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து. ஆச்சியிடம் கெஞ்சினேன்.

"பொணத்த உள்ள வச்சுக்கிட்டு சோறு போடுதியே, எந்த ஊருக்காரிட்டி நீ?"

எதிர்வீட்டுக் காப்பி

காலையிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! எடுக்கும்வரை சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பது கீழப்பாவூரில் பிறந்த எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் இது அவர்களுக்கு வீடு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆச்சிக்கு வேர்த்தது, விரல்கள் நடுங்கின. குளுக்கோஸ் கரைத்து நீட்டினேன்; வாயைத் திறக்கவில்லை. சாவு வீட்டுக்கு அக்கம்பக்கத்திலிருந்து காப்பி வருமே! நனைந்துகொண்டே ஓடி, அதுவரை பேசியே இராத எதிர்வீட்டு அக்காவின் கதவைத் தட்டினேன். "அக்கா, எங்க வீட்ல ஒரு சாவு. காப்பி வேணும், சீனி நெறைய." பிளாஸ்கில் இருந்ததை அப்படியே தந்தார்.

ஆச்சி இரண்டு டம்ளர் குடித்தார். நடுக்கம் நின்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இப்பம் அந்த மனுசன் மொகத்த எங்களுக்குக் காட்டு. மகன் கூட்டிட்டுப் போயிட்டான்னு இன்னொருக்க சொன்னே, மிச்சக் காப்பிய ஒன் தலையில ஊத்திருவேன்."

இப்போதெல்லாம் இல்லத்தில் யாராவது போய்விட்டால் டாக்டருக்கு அடுத்தபடி எதிர்வீட்டு அக்காவுக்குத்தான் போன் செய்கிறேன், அவரும் என் குரலைக் கேட்டதுமே எத்தனை டம்ளர் என்றுதான் கேட்கிறார்.