கஸ்பாரின் வலது கால்

மலைமேல் செண்பகனூர் வளைவில் பிரேக் வேலை மட்டும் பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. இன்ஜின் இருமுகிறது, ஏசி வேலை செய்யவில்லை என்று அங்கே போய் நின்றால் கஸ்பார் தலையைக்கூடத் தூக்க மாட்டார். "ஓடாத வண்டி யாரையும் கொல்லாது சார். நிக்காத வண்டிதான் கொல்லும். எனக்கு அந்தச் சோலி மட்டும் போதும்" என்பார்.

சீசனில் அவருக்குக் கோபமும் வருமானமும் ஒன்றாக வரும். ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு மலை இறங்கும் பெருமக்கள், கியரைக் குறைக்க வேண்டும் என்ற ஞானமே இல்லாமல் பிரேக்கை மிதித்தபடியே இறங்கி, வத்தலக்குண்டு ரோட்டில் பாதி வழியில் புகை கிளப்பிக்கொண்டு நிற்பார்கள். கஸ்பார் தன் ஜீப்பில் போய்ச் சேருவதற்குள் யாராவது ஒரு புத்திசாலி, கொதிக்கிற சக்கரத்தில் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்திருப்பான். "என்ன சார், இட்லி அவிக்கிறீங்களா?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்.

வேலை முடிந்ததும் ஒரு சடங்கு உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் சாக்ஸோடு ஏறி உட்கார்ந்து, வளைவுவரை ஓட்டிப் போய்த் திரும்பி வருவார். இறங்கி "சரி" என்பார், அல்லது "இல்ல" என்பார். மெஷின் கிடையாது, மீட்டர் கிடையாது. அவருடைய வலது கால் சொன்னால் சொன்னதுதான். பங்குச் சாமியார்கூடத் தன் ஜீப்பை முதலில் அந்தக் காலிடம் காட்டிவிட்டுத்தான் அப்புறம் மாதாவிடம் ஒப்படைப்பார். ஐம்பத்திரண்டு வயதில், கடை போட்டு இருபத்தாறு வருஷத்தில், கஸ்பாருக்கு இந்தப் புகழ் தலையில் ஏறவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே ஏறியிருந்தது.

அந்தக் காலை நம்பித்தான் சேக் பரீது பாய் தன் மகளை ரேஸ் கார் ஓட்ட விட்டிருந்தார். பாய்க்கு பஜாரில் சாக்லேட்டும் தைலமும் விற்கும் கடை. மகள் அப்ரினுக்கு இருபத்தாறு வயது. பெண் பார்க்க வந்த மூன்று குடும்பங்கள், பெண் ரேஸ் ஓட்டுகிறாள் என்று கேள்விப்பட்டதும் டீயைத் தொடாமல் எழுந்து போயின. ஆறிப்போகிறதே என்று அந்த டீயையும் அப்ரினே எடுத்துக் குடித்தாள் என்பது பஜாரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் காரை, பாயும் அவருடைய அண்ணனும் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். அண்ணன் மகன் ஃபஹீமுக்கும் அதன்மேல் ஒரு கண். பாய் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "பிரேக் சரின்னு கஸ்பார் சொல்லணும். சொன்னா ஓட்டு. இல்லாட்டி வேணாம்."

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலை கஸ்பார் கோயம்புத்தூர்ப் பக்கத்து ரேஸ் டிராக்கில், தன் வாழ்நாளில் அனுபவித்திராத வெயிலில், குரங்குக் குல்லாவோடு நின்றார். பாயும் அப்ரினும் ஃபஹீமும் கூட இருந்தார்கள். மறுநாள் ரேஸ்.

காருக்கு அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. மிதிக்கும்போது உப்பிக்கொள்ளும் ரப்பர் ஹோஸைத் தூக்கி எறிந்துவிட்டு, இரும்புக் கம்பி பின்னிய ஹோஸ் போட்டிருந்தார். எளிதில் கொதிக்காத பிரேக் ஆயில் ஊற்றி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் வடித்திருந்தார். சூடேற ஏறப் பிடிக்கும் ரேஸ் பேட் போட்டு, அதையும் முறையாகப் பழக்கியிருந்தார். நிற்கும் காரில் மிதித்தால் பெடல் கருங்கல்.

ஆனால் அப்ரின் ஆறு சுற்று ஓட்டிவிட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றி, "அங்கிள், நேர் ரோடு முடியிற எடத்துல முதல் மிதி உள்ள போகுது. ரெண்டாவது மிதில சரியாயிருது. முதல் மிதியை நம்ப முடியல" என்றாள்.

கஸ்பார் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஐந்து சுற்று. ஹெல்மெட்டுக்குள் குல்லாவும் இருந்ததால் வேர்த்து ஊற்றியதே தவிர, பெடலில் ஒரு குறையும் தெரியவில்லை. மலைப்பாதையில் ஓட்டுவதுபோலச் சுகமாக ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினார்.

"கல்லு மாதிரி இருக்கு பாப்பா."

"இல்ல அங்கிள். போகுது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் கஸ்பார், பாய்க்கும் கேட்கும்படி. "பிரேக்குல ஒண்ணுமில்ல பாய். பாப்பாவுக்குப் பயம். அவ்வளவுதான்."

அந்தச் சொல் போதுமாக இருந்தது. ஃபஹீம் உடனே கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஹெல்மெட்டைத் துடைக்க ஆரம்பித்தான். பாய்க்கு உள்ளூர நிம்மதி, வெளியே வருத்தம். "பயத்தோட ஓட்டுனா உசுருக்கு ஆபத்துமா. நாளைக்கு ஃபஹீம் ஓட்டட்டும். மதியம் பேரு குடுக்கும்போது மாத்திருவோம்" என்றார். மூன்று வருஷம் உழைத்த பெண். சண்டை போடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளோ காருக்குள் குனிந்து, பெடலுக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டியிருந்த தன் போனை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டாள்.

அரை மணி நேரம் கழித்து கஸ்பாரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அங்கிள், எங்கால்தான் தப்போன்னு பாக்க இதை ஒட்டி வச்சேன். நீங்களே பயம்னு சொன்னப்புறம் எனக்கே சந்தேகமாயிருச்சு, இப்பப் போட்டுப் பாத்தேன். நான் எறங்குன பிறகும் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. இதைப் பாருங்க."

பார்த்தார். திரையில் ஒரு கால். பெருவிரல் பக்கம் ஓட்டை விழுந்த சாக்ஸ். கார் நேர் ரோட்டில் பறக்கும்போது அந்தக் கால் ஆக்ஸிலேட்டரைவிட்டு நழுவி, பிரேக்கை லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத பூனை மாதிரி பழைய இடத்துக்கே வந்தது. அப்புறம்தான் நிஜமான மிதி. அடுத்த வளைவு, மறுபடி தட்டு. ஐந்து சுற்றில் ஒரு வளைவைக்கூட அது விடவில்லை.

"இது ஏங்காலே இல்ல" என்றார் கஸ்பார்.

"சாக்ஸைப் பாருங்க அங்கிள்."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். கஸ்பாருக்குத் தன் காலே தெரிந்திருக்கவில்லை. அவருடைய மனைவி கித்தேரியம்மாள், "உங்க வண்டில வந்தா தலையாட்டி பொம்மையாட்டம் ஆடி குடலு வாய்க்கு வருது" என்று டவுன் பஸ்ஸிலேயே போய் வருவதும், அதைத் தான் அவளுடைய வயிற்றுக் கோளாறு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பதும் அப்போது ஞாபகம் வந்தது.

"பெரிய ரேஸ்காரங்க சிலர் இதை வேணும்னே செய்வாங்க" என்றாள் அப்ரின்.

"பாத்தியா!" என்று துள்ளினார் கஸ்பார். "அப்ப நான் தெரியாமலே ரேஸ்காரன்."

"அவங்க எதுக்குச் செய்வாங்க தெரியுமா? பெடல் உள்ள போகும்னு தெரிஞ்சு செய்வாங்க. ஒரே ஒரு சுற்று, தட்டாம ஓட்டிப் பாருங்க அங்கிள்."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. நேர் ரோட்டில் அந்தக் கால் அரித்தது, துடித்தது, தானாகவே எழுந்தது. கஸ்பார் பல்லைக் கடித்துக்கொண்டு அதை ஆக்ஸிலேட்டரிலேயே அழுத்தி வைத்தார். வளைவு வந்தது. மிதித்தார். பெடல் பாதிவரை வெறுமையாக உள்ளே போனது.

"சலேத் மாதாவே!" என்று கத்தி இரண்டாவது தடவை மிதிப்பதற்குள் கார் தாரைவிட்டுப் புல்லில் பாய்ந்து, குலுங்கிக் குலுங்கி நின்றது.

புழுதி அடங்கும்வரை அவர் இறங்கவில்லை. இருபத்து நாலு வயதில், விறகு ஏற்றிய வேன் ஒன்றில், இதே மாதிரிதான் பெடல் உள்ளே போனது. மண்சுவரில் உரசி உரசி வண்டியை நிறுத்தி உயிர் பிழைத்தார். அதை மறந்தாயிற்று என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். அவர் மறந்திருந்தார், கால் மறக்கவில்லை. பெடல் இருக்கிறதா, இருக்கிறதா என்று ஒவ்வொரு வளைவிலும் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறது. பயம் என்றால் அதுதான் பயம். அதை அவர் ஒரு பெண் பிள்ளைமேல் தூக்கிப் போட்டிருந்தார். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

காரைப் பாதைக்குக் கொண்டுவந்து ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சூடு ஆறுமுன் முன் சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்த்தார். மயிரிழை ஆட்டம். பேரிங் போயிருந்தது. வளைவில் கார் சாயும்போது சக்கரத்தோடு டிஸ்க்கும் சாய்ந்து, பிரேக் பேடைப் பின்னால் தள்ளிவிட்டிருக்கிறது. அடுத்த மிதியில் பாதி அந்த இடைவெளியை மூடவே செலவாகிவிடும். முன்கூட்டியே ஒரு தட்டு தட்டினால் இடைவெளி மூடிக்கொள்ளும், அப்புறம் மிதித்தால் கல். காலே சரி என்று சொல்லிவிட்ட பிறகு கையை வைத்து ஆட்டிப் பார்ப்பானேன் என்று காலையில் அதைத் தொடாமல் விட்டிருந்தார். கொண்டுவந்திருந்த பெட்டியில் புது பேரிங் இருந்தது. இரண்டு மணி நேர வேலை.

பேரிங்கை மாட்டிக்கொண்டிருக்கும்போதே சாத்தான் காதில் ஓதினான். 'சின்ன அட்ஜஸ்ட்மெண்ட் பண்ணிட்டேன் பாய், இனிமே பாப்பா தைரியமா ஓட்டலாம்' என்று சொன்னால் முடிந்தது. காலின் மானம் தப்பும். அப்ரின் என்ன, வீடியோவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகவா போகப்போகிறாள்? ஆனால் அவள் பயந்தவள் என்ற பெயர் அப்படியே நிற்கும். ஃபஹீம் அதை வைத்தே அடுத்த ரேஸில் சீட்டு கேட்பான்.

கஸ்பார் கையைத் துடைத்துக்கொண்டு போய், போனை வாங்கி, பாயின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பயந்தது நாந்தான் பாய். இந்தா பாருங்க, ஏங்காலு. பாப்பா சொன்னது அம்புட்டும் நெசம். பெடலு போகத்தான் செஞ்சுச்சு."

பாய் இரண்டு தடவை பார்த்தார். ஃபஹீமும் எட்டிப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டைப் பெஞ்சில் வைத்தான். அப்ரின் ஏறிப் போய் எட்டுச் சுற்று ஓட்டிவிட்டு வந்து, "எல்லா வளைவுலயும் ஒரே எடத்துல பிடிக்குது அத்தா" என்றாள். பெயர் மாற்றவில்லை. மறுநாள் நாலாவதாக வந்தாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நேரம் இருக்காது.

ஏனென்றால் பாய் ஒரு கேள்வி கேட்டார். குத்திக் காட்டக் கேட்கவில்லை. கடைக்காரர் புத்தி, ஒன்றைப் பார்த்தால் மொத்தச் சரக்கையும் யோசிக்கும்.

"சரிப்பா கஸ்பாரு. இந்தக் காரைச் சரி பண்ணிட்ட. இத்தனை வருஷமா இதே காலை வச்சு மிதிச்சுப் பாத்து சரின்னு அனுப்புனியே, அந்த வண்டியெல்லாம்?"

கஸ்பாருக்கு வண்டி வண்டியாகக் கண் முன்னால் வந்தது. அதில் ஒன்று நகராமல் நின்றது. கிளாவரையிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றும் பொன்னுச்சாமியின் மினி லாரி. ஏப்ரலில் வந்து, 'முதல் மிதி உள்ள போகுதுண்ணே' என்று இதே வார்த்தையைத்தான் சொன்னான். கஸ்பார் வளைவுவரை ஓட்டிப் பார்த்துவிட்டு, நாலு பேர் சிரிக்க, 'பயந்தாங்கொள்ளிப் பயலே' என்று அனுப்பிவைத்தார்.

நின்ற இடத்திலேயே போன் போட்டார். மூன்றாவது தடவைதான் எடுத்தான்.

"ஏலே பொன்னுச்சாமி, எங்க இருக்க?"

"பெருமாள்மலைல டீ குடிக்கிறேண்ணே. பீன்ஸு லோடு. இனிமேத்தான் பழனி ரோட்டுல எறங்கணும்."

"பிரேக்கு எப்பிடி இருக்கு?"

"அதுவாண்ணே?" பொன்னுச்சாமி உற்சாகமாகிவிட்டான். "நீங்க பயம்னு சொன்னதுக்கப்பறம் நானே ஒரு வழி கண்டுபிடிச்சுட்டேன். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாடியும் ரெண்டு தட்டு தட்டிக்கிருவேன். பொறவு சும்மா கும்முனு பிடிக்கும். இப்பப் பயமே இல்லண்ணே."

"எறங்காத. சாவியை டீக்கடைல குடு. நான் பஸ் ஏறி வர்றேன்."

"பீன்ஸு வாடிருமேண்ணே!"

"வாடட்டும்ல. கமிஷன் கடைல நான் பேசிக்கிறேன். வண்டில கோளாறு இருக்கு. அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி."

பொன்னுச்சாமி, கோபமில்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

"அப்ப இம்புட்டு நாளா அந்த வண்டிலதான் ஏம்பொண்டாட்டி பிள்ளையையும் ஏத்திக்கிட்டுப் போயிருக்கேனாண்ணே?"